இரவல் மெட்டில் இறைத்தூதர் புகழா?

மீலாது விழாவாயினும், மணவிழாவாயினும், மதரஸா ஆண்டு விழாவாயினும் நம் ஊர்களில் ஒலிபெருக்கி வழியே எழும் பாட்டுக்களைச் சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். சொல் பெருமானார் (ஸல்) அவர்களைப் புகழ்கின்றது. மெட்டோ யாரோ ஒரு நடிகரும் நடிகையும் மரத்தைச் சுற்றி ஓடிய காட்சிக்கென்று அமைக்கப்பட்டது. பாடுவோர் கண்மூடி உருகுகின்றார். கேட்போர் தலையசைக்கின்றனர். அந்தத் தலையசைப்பு எதற்கு, சலவாத்துக்கா, சினிமாவுக்கா? இந்த வினாவைக் கேட்க ஆளில்லை. கேட்டால், "காலம் மாறிவிட்டது ஹஸ்ரத்" என்று புன்னகையோடு வாயடைத்து விடுகின்றனர்.

காலம் மாறிற்று என்பது உண்மை. அதனால் கண்ணியமும் மாறவேண்டும் என்பது எந்த நியாயம்? திரைப்பட மெட்டில் நபிபுகழ் பாடும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை மூன்று சாரார் மறுக்கின்றனர். "பழைய படப் பாட்டுக்கள் கண்ணியமானவை, அவற்றின் மெட்டை எடுத்தால் என்ன?" என்கின்றனர் முதியோர். "இலக்கியமே மறு ஆக்கந்தான், நம் புலவர்கள் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம்?" என்கின்றனர் இளைஞர். "இசையே ஆகாது எனும்போது மெட்டைப் பற்றி என்ன ஆராய்ச்சி?" என்கின்றனர் மற்றொரு சாரார். மூவர்க்கும் முறையே விடை கூறுவோம்.

பொற்காலம் என்னும் மயக்கம்

நம்மில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தோர்க்குப் பழைய படங்கள் என்றாலே ஒரு தனிப் பாசம். "அக்காலத்தில் நம்மை எவ்வளவு மதிப்பாகக் காட்டினார்கள்! அலிபாபா, குலேபகாவலி, லைலா மஜ்னு, பாவ மன்னிப்பு! இன்றோ துப்பாக்கியும் குண்டுமாக அன்றோ நம்மைக் காட்டுகின்றனர்" என்று பெருமூச்செறிவர். பிற்காலப் படங்கள் பல நமக்கிழைத்த அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே முற்காலம் முழுவதும் பொன்னாகிவிடுமா?

மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழில் முழுநீள வண்ணப்படங்களுள் முதலாவது என்பர். அதே கதை 1941-லேயே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடிக்கத் தமிழில் வந்தது. 1954-இல் இந்தியிலும் வந்தது. அரபு நாட்டுக் கதை என்று நாம் பெருமைப்படுகின்றோமே, 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் அலிபாபா கதையே இல்லை! ஹலப் நகரத்துக் கிறித்தவரான ஹன்னா தியாப் என்பவர் 1709-ஆம் ஆண்டில் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, அதைக் கேட்ட கல்லான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்துக் கொண்டார். அது பிரெஞ்சிலிருந்து ஐரோப்பா எங்கும் பரவி, நாடகமாகி, படமாகி, சேலத்துப் படப்பிடிப்பு அரங்கிற்கு வந்து சேர்ந்தது. நாம் கண்டு மகிழ்ந்த பகுதாது, அட்டையில் எழுதிய பகுதாது. மறு ஆக்கத்தின் மறு ஆக்கத்தைக் கண்டு, "நம் கதை, நம் மக்கள்" என்று மகிழ்ந்திருக்கின்றோம்!

குலேபகாவலியின் கதை வேறு விதம். 18-ஆம் நூற்றாண்டில் பாரசீக உரைநடையில் எழுதப்பெற்று, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் உருதுவாக்கப்பெற்ற கதை அது. 1935-இல் தமிழ்ப் படமாயிற்று, 1955-இல் டி.ஆர். ராமண்ணா மீண்டும் எடுத்தார். லைலா மஜ்னுவோ உண்மையிலேயே அரபு மண்ணில் முளைத்த கதை. 12-ஆம் நூற்றாண்டில் நிஜாமி அதனைப் பாரசீகக் காவியமாக்கிய போது, அக்காதல் மனிதனை எங்கே இட்டுச் செல்கின்றது என்பதையும் சிந்தித்தார். நம் திரையில் அந்தச் சிந்தனை உதிர்ந்து, கண்ணீரும் பாட்டும் எஞ்சின.

இனி, பாவ மன்னிப்பு. 1961-இல் ஏ. பீம்சிங் இயக்கிய இப்படம் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. சிவாஜி கணேசன் ஏற்ற ரஹீம் என்னும் பாத்திரம் பண்பின் உருவம். டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் இ.எம். அனிபா அவர்கள் இணைந்து பாடிய பெருநாள் பாட்டு, இன்றும் ஈது நாளில் ஒலிக்கின்றது. ஆனால் ரஹீம் யார்? பிறப்பால் வேறு வீட்டுப் பிள்ளை. ஒரு முஸ்லிம் எடுத்து வளர்த்த குழந்தை. உயர்ந்த முஸ்லிம் ஒருவரைத் திரையில் காட்டவேண்டுமானால், அவர் முஸ்லிம் வயிற்றில் பிறவாதவராயிருக்க வேண்டும் போலும்! படம் எடுத்தோர் இதனை எண்ணிச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. வளர்ப்பே மனிதனை ஆக்குகின்றது என்னும் நல்ல கருத்தையே அவர்கள் சொல்ல விரும்பியிருக்கலாம். ஆயினும், அறுபது ஆண்டுகளாக இந்தப் படத்தைப் போற்றும் நாம் ஒருமுறையேனும் இவ்வினாவை எழுப்பினோமா? பழமை என்னும் புகை கண்ணை மறைத்துவிட்டது. பழைய மெட்டு என்பதனாலேயே அது தூய மெட்டாகிவிடாது.

மறு ஆக்கம் குற்றமா?

மறு ஆக்கம் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னால் நம் இலக்கியக் களஞ்சியத்தையே பூட்டவேண்டி வரும். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது தமிழ்க் காப்பிய மரபின் நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் எடுத்துக்கொண்டு, அரபு நாட்டிலே தமிழகத்து ஆற்றை ஓடவிட்டார். காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தங்களைக் கைக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். அரபியிலும் இவ்வழக்கம் உண்டு. முன்னோர் ஒருவரின் கவிதையை எடுத்து, அதே யாப்பில், அதே எதுகையில் அதற்கு நிகராக மற்றொன்று பாடுவதற்கு 'முஆரளா' என்று பெயர். ஓர் ஈரடிக்கு முன்னே தம்முடைய மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவதற்கு 'தக்மீஸ்' என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் இமாம் பூஸீரி (ரஹ்) பாடிய கஸீதத்துல் புர்தாவுக்கு எத்துணையோ தக்மீஸ்கள். எகிப்தின் அஹ்மத் ஷவ்கி 20-ஆம் நூற்றாண்டில் அதற்கு முஆரளாவாகப் பாடிய கவிதைக்கு 'புர்தாவின் வழியில்' என்னும் பொருள்படவே பெயரிட்டார். ரியாளுஸ் ஸுன்பாத்தி அதற்குப் புத்தம் புதிதாக இசையமைக்க, உம்மு குல்தூம் பாடினார். அங்கே எவரும் எந்தப் படத்து மெட்டையும் இரவல் வாங்கவில்லை.

முஆரளாவை வகுத்த அதே அரபு இலக்கண அறிஞர்கள் 'ஸரிகா' என்ற மற்றொன்றையும் வகுத்தனர். அதாவது கவிதைத் திருட்டு. இரண்டையும் பிரிக்கும் கோடு எது? நான் கற்ற அளவில் மூன்று அடையாளங்களைக் கூறலாம்.

முதலாவது, வெளிப்படை. முஆரளா பாடுவோர் எவருடைய கவிதைக்கு எதிர்நிற்கின்றோம் என்பதை மறைப்பதில்லை. காசிம் புலவர் தம் நூலுக்குத் திருப்புகழ் என்றே பெயர் வைத்தார். ஷவ்கி புர்தாவின் பெயரையே தம் தலைப்பில் வைத்தார். திருடுவோன் மறைக்கின்றான். நம் மேடைப் பாட்டுக்களின் ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும், இன்று கைப்பேசியில் பரவும் பதிவுகளிலும், மெட்டமைத்த இசையமைப்பாளரின் பெயரை எத்தனை பேர் குறித்திருக்கின்றனர்?

இரண்டாவது, உழைப்பு. அருணகிரிநாதரின் சந்தம் புலவனின் மூச்சை வாங்கிவிடும் சந்தம். அதிலே அரபுச் சொற்களையும் நபிசரித நிகழ்ச்சிகளையும் இசைவாகப் பொருத்த, அருணகிரியாரோடு தோளோடு தோள் நிற்கும் ஆற்றல் வேண்டும். கடன் வாங்கியதற்கு வட்டியில்லா விலையாகத் தம் புலமையைக் கொடுத்தார் காசிம் புலவர். நம்மவர் கொடுப்பது என்ன? காதலியின் பெயர் இருந்த இடத்தில் மதீனாவின் பெயரை வைப்பது மட்டுந்தான். அதற்குப் புலமை வேண்டா. ஒரு பென்சில் போதும்.

மூன்றாவது, நினைவு. எடுத்த பொருள் எதை நினைவூட்டுகின்றது என்பது. அருணகிரியாரின் பாடல் நமக்கு உடன்பாடான சமயத்தது அன்று. ஆயினும் அது ஒரு பக்தனின் துதி. அதன் சந்தத்தைக் கேட்போர் மனத்தில் எழுவது வணக்கம். திரைப்படக் காதற்பாட்டின் மெட்டைக் கேட்போர் மனத்தில் எழுவது எது என்பதை உங்கள் வீட்டுக் குழந்தைகளிடமே கேளுங்கள். முதல் அடி முடியுமுன் நடிகரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து, "கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நாயகத்தின் திருமுன் பாடிய கவிதை, ஸுஆது என்னும் பெண்ணின் பிரிவைப் பற்றித்தானே தொடங்குகின்றது? அதற்கு நாயகம் (ஸல்) போர்வையன்றோ பரிசளித்தார்கள்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கஅபு (ரலி) எடுத்துக்கொண்டது அரபுக் கவிதையின் பொது மரபு; பிரிவைச் சொல்லித் தொடங்குதல் அக்காலக் கவிஞர் அனைவர்க்கும் உரிய வாயில். சொல்லும் அவருடையது, கற்பனையும் அவருடையது. யாப்பும் மரபும் ஊரார் நடக்கும் பொதுவழி. மெட்டு ஒருவர் கட்டிய வீடு. பொதுவழியில் நடப்போனையும் பிறர் வீட்டில் பூட்டுடைத்துப் புகுவோனையும் ஒன்றாக எண்ணலாமா?

மாணிக்க மலர் சொல்லும் பாடம்

கருங்கல் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு ஒரு வாய்ப்புண்டு. 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மலையாளப் பாட்டு நம் செவிக்கு அயலாகவில்லை. அங்கே மாப்பிளைப்பாட்டு என்னும் செல்வம் உண்டு. 'இசல்' எனப்படும் அதன் மெட்டுக்கள் அந்த மக்கள் தாமே வளர்த்தவை. 19-ஆம் நூற்றாண்டில் மோயின்குட்டி வைத்தியர் போன்ற மகாகவிகள் அவற்றிலே காவியம் பாடினர். அதனால் என்ன விளைந்தது? 1954-இல் 'நீலக்குயில்' என்னும் மலையாளப் படம் எடுத்தபோது, இசையமைப்பாளர் கே. ராகவன் மாப்பிளைப்பாட்டின் சாயலில் ஒரு பாட்டமைத்துத் தாமே பாடினார். நாடே அதைப் பாடிற்று. அங்கே சினிமா முஸ்லிம்களின் வாசலுக்கு வந்து மெட்டுக் கேட்டது. இங்கே நாம் சினிமாவின் வாசலில் ஓடேந்தி நிற்கின்றோம்!

அந்த நாட்டிலேயே பின்னர் நிகழ்ந்த ஒன்று நம் அனைவர்க்கும் பாடமாகும். கதீஜா நாயகி (ரலி) அவர்களுக்கும் நாயகம் (ஸல்) அவர்களுக்கும் நிகழ்ந்த திருமணத்தைப் புகழ்ந்து, 1978-இல் பி.எம்.ஏ. ஜப்பார் என்னும் கவிஞர் 'மாணிக்ய மலராய பூவி' எனத் தொடங்கும் பாட்டை எழுதினார். தலச்சேரி ரபீக் மெட்டமைத்தார். எரஞ்ஞோளி மூஸாவின் குரலில் அது மலபார் எங்கும் மணவீடுகளில் ஒலித்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2018 பிப்ரவரியில், 'ஒரு அடார் லவ்' என்னும் படத்தில் அப்பாட்டை மறுபடி அமைத்தனர். பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவி ஒரு மாணவனைப் பார்த்துக் கண்சிமிட்டும் காட்சிக்கு அதைப் பின்னணியாக வைத்தனர். உலகெங்கும் அக்கண்சிமிட்டல் பரவிற்று. ஐதராபாத்தில் சிலர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

காவல் நிலையத்துக்குச் சென்றது சரியன்று என்பதே என் கருத்து. நாற்பது ஆண்டு பாடப்பட்ட பாட்டின் சொல்லிலே குற்றமில்லை. கண்சிமிட்டலுக்குச் சிறைத்தண்டனை கேட்பதும் அறிவுடைமையன்று. ஆயினும் அன்று எழுந்த மனவருத்தம் பொய்யன்று. உம்முல் முஃமினீன் அவர்களின் புகழ் ஒலிக்க, கண் வேறொன்றைக் கண்டது. சொல்லும் காட்சியும் ஒன்றோடொன்று மோதின. வருந்தியவர்களின் நெஞ்சைத் தைத்தது அந்த மோதலே.

இப்போது என் கேள்வி இது. நம் புகழ்ப்பாட்டைச் சினிமாக் காட்சியோடு சேர்த்தபோது உள்ளம் கொதித்த நாம், சினிமாக் காட்சியின் மெட்டை நம் புகழ்ப்பாட்டோடு சேர்க்கும்போது ஏன் கைதட்டுகின்றோம்? இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. அங்கே சொல்லுக்குக் கீழே ஒரு கண்சிமிட்டல். இங்கே சொல்லுக்குள்ளேயே ஒரு கண்சிமிட்டல். இன்னும் சொல்லப்போனால், அப்படத்தார் பாட்டெழுதியவரின் பெயரையும் மெட்டமைத்தவரின் பெயரையும் மறைக்கவில்லை. பல்லாண்டுகள் வெளியில் அறியப்படாதிருந்த கவிஞர் ஜப்பாரின் பெயரை நாடறிந்தது அதன் பிறகே. நம் மேடைகளோ மெட்டுக்குரியவரை வாய்திறந்து சொல்வதில்லை. இந்த ஒரு செய்தியில் சினிமாக்காரர்கள் நம்மைவிட நேர்மையாளர்கள் என்று சொல்லவேண்டிய நிலை நமக்கு நாணத்தைத் தரவேண்டாமா?

சட்டமும் அதபும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் சொல்லுக்கு ஓர் உரிமையும் இசைக்கு ஓர் உரிமையும் தனித்தனியே வழங்குகின்றது. ஆக்கியோர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், முன்னர்ப் பதிவான பாட்டைப் பிறர் மறுபடி பாடிப் பதிவு செய்ய வழி வகுத்தது; ஆனால் ஐந்தாண்டு கழியவேண்டும், உரிமைத்தொகை கொடுக்கவேண்டும், உரியவர் இசைவின்றிச் சொல்லையோ இசையையோ மாற்றலாகாது. சமயச் சடங்குகளில் பாட்டு இசைப்பதற்குச் சட்டம் விலக்களிக்கின்றது. சொல்லை மாற்றிப் பதிவு செய்து விற்பதற்கு அவ்விலக்குப் பொருந்தாது. பிறர் பொருளை அவரறியாமல் எடுப்பதைச் சட்டம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அமானிதம் பற்றி மிம்பரில் பேசும் சமுதாயம் அதனைச் செய்யலாமா? அபகரித்த நீரில் ஒளுச் செய்வது பற்றிப் பக்கம் பக்கமாக ஆராயும் பிக்ஹு நூல்களை ஓதியவர்கள் நாம்!

இனி, "இசையே ஆகாது" என்போர்க்கு ஒரு சொல். இசைக்கருவி பற்றி இமாம்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்துவைக்க இக்கட்டுரை எழுந்ததன்று. மணவிழாவில் தஃப் அடிப்பதையும், கருவியின்றிக் குரலால் நல்ல கவிதை பாடுவதையும் கடுமையான கருத்துடையோரிலும் பலர் ஏற்றிருக்கின்றனர். ஆகவே மெட்டு பற்றிய ஆராய்ச்சி தேவையே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸமாஉ பற்றி எழுதும்போது, சில கருவிகள் ஏன் விலக்கப்பட்டன என்பதற்குக் காரணம் கூறுகின்றார்கள். இனிய ஓசை என்பதால் அன்று. அவ்வாறாயின் குயிலின் குரலும் விலக்கப்பட வேண்டும். அக்கருவிகள் குடியர்களின் அவையை நினைவூட்டுகின்றன. அவ்வவைக்கு உள்ளத்தை இழுக்கின்றன. அதனால் விலக்கு என்பது அவர்களின் விளக்கம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துத் திரைமெட்டை அளந்து பாருங்கள். கருவி இல்லாமல் வெறுங்குரலில் பாடினாலும், நினைவூட்டல் என்னும் அந்தக் காரணம் அங்கே முழுமையாக நிற்கின்றது. கருவியைத் தடுத்துவிட்டு மெட்டை விட்டுவிட்டவர்கள், கதவைப் பூட்டிச் சாளரத்தைத் திறந்து வைத்தவர்களாவர்.

இளைஞர் கேட்பார்களா?

"இப்படியெல்லாம் பார்த்தால் இளைஞர் கேட்கமாட்டார்கள்" என்பதே இறுதியாக எஞ்சும் வாதம். இதற்கு விடை தேடி எகிப்துக்குப் போகவேண்டா. தக்கலைக்குப் போனால் போதும். தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்தடங்கிய மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி, ஆண்டுதோறும் ரஜப் மாதத்து நினைவு நாளில் இரவு முழுதும் அங்கே கூட்டமாகப் பாடப்படுகின்றது. முதியோரோடு இளையோரும் அமர்ந்து பாடுகின்றனர். அப்பாட்டிலே எந்தப் படத்து மெட்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வந்த மெட்டு அது. இளைஞர்க்குச் சுவையில்லை என்பது பொய்; நாம் கொடுக்கவில்லை என்பதே மெய்.

இசைமுரசு நாகூர் அனிபா அவர்களையே எண்ணிப் பாருங்கள். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அப்பெருமகனாரின் குரல், இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்த ஒரு பாட்டினாலேயே பிற சமயத்தார் இல்லங்களிலும் இடம்பெற்றது. கேட்போர் நெஞ்சில் வேறு எந்தக் காட்சியும் குறுக்கே வரவில்லை. கையேந்தும் எளியவன் ஒருவனே வந்தான். இன்று அவருடைய பாட்டுக்களையே துள்ளல் மேளத்தில் போட்டு மறுபடி விற்கின்றனர். 2003 முதல் தமிழ்த் திரையில் பழைய பாட்டைப் புதுத்தாளத்தில் கலக்கும் வழக்கம் பெருகிற்று. அந்தக் காய்ச்சல் நம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. துஆவுக்கு ஏந்திய கையைத் தாளம் போடவைப்பது எந்த வகைப் புதுமை?

ஆகவே நாம் செய்யவேண்டியவை தெளிவானவை. மீலாது, மண விழாக்களை நடத்தும் ஜமாஅத்துக்கள், திரைமெட்டில் அமைந்த புகழ்ப்பாட்டுக்கு மேடையில்லை என்று முன்னரே அறிவிக்க வேண்டும். மதரஸாக்களில் வாரத்துக்கு ஒரு பொழுதேனும் ஞானப்புகழ்ச்சி, காசிம் புலவரின் திருப்புகழ், குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகள் ஆகியவற்றை மெட்டோடு கற்பிக்க வேண்டும். முதியோர் நாவில் எஞ்சியிருக்கும் தாலாட்டு, முனாஜாத்து, மணப்பாட்டு மெட்டுக்களைக் கைப்பேசியிலேனும் பதிந்து வைக்கவேண்டும். ஒரு ஜனாஸாவோடு ஒரு மெட்டும் அடக்கமாகிவிடுவதை எத்தனை முறை பார்த்துக்கொண்டிருப்பது? நம் இளங்கவிஞர்கள் முஆரளா பாடட்டும். பெயரைச் சொல்லிப் பாடட்டும். மூலத்துக்கு நிகராகப் பாடட்டும். இசையறிந்த இளைஞர்கள் புதிய மெட்டுக்களை ஆக்கட்டும்.

பெருமானாருக்கு ஒரு பரிசு கொண்டுசெல்லும்போது, பிறர் உடுத்திக் களைந்த ஆடையில் அதைச் சுற்றிக் கொண்டு செல்வோமா? ஏழையாயினும் தன் கையால் நெய்த துணியில் சுற்றிக் கொண்டு செல்வதன்றோ அன்பு! நெய்யும் கை நம்மிடம் உண்டு. தறியும் முன்னோர் விட்டுச்சென்றதாகவே உண்டு. நெய்ய மனந்தான் வேண்டும்.